நெஞ்சுக்கு நேரே பூஜ்யம்

எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் இதய வார்டில் அளவு எடுப்பது என் வேலை. படித்து வந்ததல்ல, பார்த்துப் பார்த்து வந்தது. நோயாளியின் கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குப் பக்கம் வரை போயிருக்கும். வெளியே ஸ்டாண்டில் கட்டிய கண்ணாடிக் குழாயில் உப்புத் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதுதான் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தம். ஸ்கேலின் பூஜ்யம் மட்டும் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும்.

தேங்காய்த்திட்டுக் கரையில் மீன் ஏலம் விடும் அம்மா ஒருவர், இதயம் தளர்ந்து, கால் வீங்கி வந்து சேர்ந்தார்.

"நெஞ்சு மேல ஈர வலைய சுருட்டி வச்சாப்புல இருக்குது தம்பி" என்றார். எந்தப் புத்தகம் இப்படிச் சொல்லும்!

நீர் பிரிய ஊசி போட்டார்கள். முதல் நாள் பதினெட்டு சென்டிமீட்டர். மூன்றாம் நாள் காலை ஒன்பது. அன்று சாயங்காலமே இருபது என்று நான் சொல்ல, மறுபடி ஊசி. நான்காம் நாள் காலை பதினைந்து. இன்னும் அதிகம்தான் என்று டாக்டர் இன்னொரு ஊசி எழுதிவிட்டுப் போனார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கால் வீக்கம் வற்றிவிட்டது, நாக்கு காய்ந்துகிடக்கிறது, கையில் பிரஷர் எண்பதுதான். இந்த நம்பர் மட்டும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். சிஸ்டர் ஊசியோடு வந்துவிட்டார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்."

"இன்னாய்யா, நீதான் டாக்டரா?"

குனிந்து பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இரண்டிரண்டு செங்கல்.

"நாந்தான் வச்சேன்" என்றார் அம்மாவின் புருஷன். "தல தூக்கி இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நேத்து மத்தியானமே வச்சிட்டேனே."

நெஞ்சு மேலே ஏறிவிட்டது, பூஜ்யம் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டியவன் நான். ஸ்கேலை உயர்த்தி மறுபடி எடுத்தேன். நாலுதான்; ரத்தத்தில் நீரே குறைந்துவிட்டது.

டாக்டரிடம் ஓடினேன். "தப்பு என்னுதுங்க. நேத்து போட்ட ஊசியும் என் தப்பாலதாங்க."

அவர் ஊசி வேண்டாமென்று சீட்டில் அடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கொரு தரம் பிரஷர் பார்க்கச் சொன்னார். நான் பத்து நிமிஷத்துக்கொரு தரம் பார்த்தேன்.

"கைய வுடுறா தம்பி. நொந்துபோன மீன அமுக்கிப் பாக்குற மாரி அமுக்கிக்கினே இருக்குற."

சாயங்காலம் பிரஷர் நூற்றைத் தொட்டது.

"நூறும்மா!"

"கட்டிலுக்கு அடியில ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லு."

குனிந்தேன்.