பாபு இருக்கும் இடம்

ஜெர்மனிக்கு வந்த பிறகு எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கைபேசியில் மேப்பைத் திறந்து, என் நண்பன் பாபு எங்கே இருக்கிறான் என்று பார்ப்பேன். ஸ்டுட்கார்ட்டில் குளிர்கால இருட்டு அப்போதும் ஜன்னலை விட்டு விலகியிருக்காது. பாபுவுக்கு அங்கே உச்சிவெயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் மேல் அவன் முகம் சிறு வட்டமாக உட்கார்ந்திருக்கும். சாப்பிடப் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் அந்த வட்டம் ரயில் பாதையோடு ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று நகர்ந்து வேப்பம்பட்டில் அவன் வீட்டில் போய் அடங்கும். நெமிலிச்சேரியைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். நான் வளர்ந்த இடம். அப்பாவும் அம்மாவும் தங்கையோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்ட பிறகு அங்கே எனக்கென்று யாரும் இல்லை. பாபு தினமும் அந்த வழியாகப் போகிறான் என்பதுதான் மிச்சம்.

இது ஆரம்பித்ததே நான் வழி தவறியதால்தான். போன முறை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பாபு வீட்டுக்குப் போக விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் ஏறினேன். வெளிவட்டச் சாலையில் வந்து நெமிலிச்சேரி அருகே இறங்கியதும் எனக்கு எந்தப் பக்கம் ஸ்டேஷன், எந்தப் பக்கம் ஏரி என்றே பிடிபடவில்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாபுதான் தன் லொகேஷனை அனுப்பினான். 'நானே நிறுத்தும்வரை' என்ற பொத்தானை அழுத்தியிருந்தான். நானும் பதிலுக்கு அதையே அழுத்தினேன். மறுநாள் அதை நிறுத்தச் சொல்லி ஞாபகப்படுத்தியபோது சிரித்தான். "இருக்கட்டும் மச்சான். நீ அங்க எங்க சுத்திகினு கீறேன்னு நானும் பாத்துகினு இருப்பேன்ல." ஊரில் எங்கள் பள்ளிக்கூட நண்பர்கள் குழுவிலும் இதே கதைதான். ஒருவன் பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிட்டால் பிரியாணியைப் படம் எடுப்பதற்கு முன்னால் லொகேஷனைப் போட்டுவிடுவான்.

என்னோடு வேலை பார்க்கும் பிர்கிட் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் திரையைப் பார்த்துவிட்டாள். "உன் பிள்ளையா?" என்று கேட்டாள். இல்லை, நண்பன் என்றேன். "உடம்புக்கு ஏதாவது முடியாதவனா?" நன்றாக இருக்கிறான் என்றேன். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "பிறகு அவன் ஷ்டான்ட்ஓர்ட் உனக்கு எதற்கு?" ஷ்டான்ட்ஓர்ட் என்றால் ஒருவர் நிற்கும் இடம். எங்கள் ஊரில் வழியில் பார்க்கிறவர்கள் முதலில் 'எங்கே போகிறாய்' என்றுதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். அவள் அதைப் போலீஸ் விசாரணை என்று புரிந்துகொண்டாள். "கட்டாயம் பதில் சொல்ல வேண்டுமா?" "தேவையில்லை. சும்மா, இப்படித்தான் என்றால் போதும்." "அதைத் தெரிந்துகொண்டு கேட்டவர் என்ன செய்வார்?" ஒன்றும் செய்ய மாட்டார். அதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குளிர் ஏறிய ஒரு சனிக்கிழமை பாபுவின் வட்டம் அம்பத்தூரில் இல்லை. நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்றது. அடுத்த சனிக்கிழமையும் அங்கேயே. கம்பெனி வேலையாகப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன். அன்றுதான் அவன் மனைவி செல்வி என்னைக் கூப்பிட்டாள். பண்டிகை வாழ்த்து தவிர அவள் என்னிடம் தனியாகப் பேசியதே இல்லை.

"அண்ணா, அவரு எங்க கீறாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? அவரே சொல்வாரு, கதிரு அங்கேர்ந்து என்னப் பாத்துகினே இருப்பான்னு. இப்ப எங்க கீறாரு, சொல்லுங்க."

"ஏன் செல்வி, போன் எடுக்கலையா?"

"எடுக்கறாரு. கம்பெனில கீறேன்றாரு. கம்பெனி ஆளு இப்பத்தான் ஊட்டாண்ட வந்து, சார் லீவுன்னாரே உடம்பு சரியில்லயான்னு கேட்டுட்டுப் போறாரு."

வேப்பம்பட்டில் இருக்கும் ஒரு பெண், பக்கத்து ஊரில் இருக்கும் தன் புருஷன் எங்கே என்று கடல் தாண்டி இருப்பவனைக் கேட்கிறாள். எனக்கோ அவன் நிற்கும் சந்துகூடத் தெரிகிறது. நெட் கிடைக்கவில்லை, வட்டம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை என்பது அவள் 'சரிண்ணா' என்ற விதத்திலேயே தெரிந்தது.

பாபுவை அழைத்தேன். "டேய், நீ இன்னா எனக்கு வாட்ச்மேனா?" என்று முதலில் எகிறினான். செல்வி அழைத்ததைச் சொன்னதும் அடங்கிப்போனான். பின்னால் ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"ரேவதி ஊட்ல கீறேன்டா," என்றான்.

ரேவதி அவன் தங்கை. நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் வேப்பம்பட்டில் அண்ணனோடு ரயிலேறுவாள். நெமிலிச்சேரியில் நான் ஏறும்போது பெண்கள் பெட்டியின் ஜன்னல் வழியே பாபுவின் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டுவாள். மறதிக்காரன் அதை அவளிடமே விட்டுவிட்டு ஓடியிருப்பான். பிறகு அவள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பாபுவுடையது தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த வீடு. ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் நான் அவள் பெயரைக் கேட்டதில்லை. பாபு வாயிலிருந்தும்தான்.

"கொழந்த பொறந்து கீது. அவ ஊட்டுக்காரன் ஓசூர்ல வேலை, வாரத்துக்கு ஒரு தபா வரான். தனியா கெடக்குது பொண்ணு. நான் போய் கொஞ்ச நேரம் கொழந்தய வெச்சிகினா அது குளிச்சி சாப்புடும். அவ்ளோதான் மச்சான்."

"செல்விகிட்ட சொல்லுடா."

"செல்வி எங்கம்மாவாண்ட எதையும் மறைக்காது. அம்மாவுக்குத் தெரிஞ்சா பெரியப்பா வரைக்கும் போவும். வாணாம். நீ வாயத் தொறக்காத."

சரி என்றேன். பால்கனியில் உறைந்துபோன துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாபு செய்வது நல்ல காரியம். செல்வி படுவது நிஜமான வேதனை. நடுவில் நான் யார்? ஊரில் இருந்திருந்தால் இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன், அல்லது எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கும். இங்கே இருப்பதால் எல்லாம் தெரிகிறது. செய்வதற்குத்தான் எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை செல்வி மறுபடியும் அழைத்தாள். இந்த முறை கேள்வி இல்லை, அழுகைதான். "வேற யாராச்சும் பொம்பளயாண்ணா? இருந்தா சொல்லிடுங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்றேன். பொட்டி கட்டி வெச்சிட்டேன்." வட்டம் அதே சந்தில் இருந்தது. ரேவதி என்று நான் சொன்னால் பாபுவுக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். "செல்வி, என்னை ஒண்ணும் கேக்காதே. நீயே போய்ப் பாரு. தப்பா எதுவும் இருக்காது," என்று சொல்லி, அந்தச் சந்தின் மேல் விரலை அழுத்தி, லொகேஷனை அவளுக்கு அனுப்பினேன். பாபுவுக்கும் ஒரு வரி போட்டேன்: செல்வி வருகிறாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

ஆவடியில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ மாறி அவள் போய்ச் சேரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பிற்பகலில் அழைப்பு வந்தது.

"அண்ணா, கண்டதையும் நெனச்சிகினு போனேன். போனா, இந்த மனுசன் கால நீட்டி உக்காந்துகினு கொழந்தைக்குப் பொட்டு வெச்சிகினு கீறாரு. நெத்தியெல்லாம் மையி."

"சண்டை போட்டியா?"

"போடாம? இத்தினி நாளா எங்கைல ஏன் சொல்லலன்னு போட்டேன். ரேவதி அழுவுது, அவரு அழுவறாரு. அப்பால நான்தான் கொழந்தைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன்."

"அத்தைகிட்ட?"

"அத்தய நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் பேசிக்காதீங்க."

மறுநாள் காலை மேப்பைத் திறந்தபோது பாபு இல்லை. அவன் முகம் இருந்த இடத்தில் வெறும் வேப்பம்பட்டு இருந்தது. அவன் நிறுத்திவிட்டான். அழைத்தேன்; எடுக்கவில்லை. கோபமா, வெட்கமா, இனி தேவையில்லை என்றா? இப்போது அவனோடு தானும் நசரத்பேட்டைக்குப் போய்வருவதாகச் செல்வி பிறகு சொன்னாள். ரேவதிக்கு ஒரு அண்ணி கிடைத்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. எனக்கு மட்டும் ரொட்டி தின்னும்போது பார்க்க எதுவும் இல்லாமல் போனது. பிர்கிட்டிடம் சொன்னேன். நண்பன் தன் இடத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டான் என்று. அவள் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அருமை. அப்படியானால் அவன் குணமாகிவிட்டான்." நான் நன்றி சொன்னேன்.

சில வாரங்கள் அப்படியே போயின. ஒரு சனிக்கிழமை, முடிக்காத வேலை ஒன்றுக்காக அலுவலகம் போயிருந்தேன். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. கைபேசியில் செய்தி ஒன்று வந்து விழுந்தது. பாபு.

"இன்னா மச்சான், சனிக்கெழம கூட ஆபீஸ்லயே கீற? ஊட்டுக்குப் போடா."

அவன் தன்னுடையதைத்தான் நிறுத்தியிருக்கிறான். என்னுடையது இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவன் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறான். பதிலுக்கு என்னென்னவோ தட்டச்சு செய்து எல்லாவற்றையும் அழித்தேன். 'இதோ கிளம்பிட்டேன்' என்று மட்டும் அனுப்பினேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் மேப்பைத் திறந்தேன். நீலப் புள்ளி நான் நின்ற இடத்தைச் சரியாகவே காட்டியது. நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதைக் காட்டும் அதன் கூர்முனை மட்டும், நான் அசையாமல் நின்றபோதும், ஒருமுறை கிழக்கே திரும்பியது, ஒருமுறை மேற்கே திரும்பியது, எங்கும் நிலைக்காமல் சுழன்றுகொண்டே இருந்தது.