தலை தீபாவளிக்கு வாங்கிய பாட்டில்

எத்திராஜ் குடியை விட்டு மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தபோது அவருடைய மகளுக்குத் தலை தீபாவளி வந்தது.

சென்னீர்குப்பத்துக்காரர். வயது ஐம்பத்தேழு. அப்பாவின் நிலத்தை அண்ணன் தம்பிகள் விற்றுப் பிரித்துக்கொண்ட பிறகு லாரி ஓட்டினார், அப்புறம் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் டிரைவராகச் சேர்ந்தார். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன் செக்யூரிட்டி ஒரு மெஷினை வாய்க்கு நேராக நீட்டுவான். எல்லா டிரைவர்களும் அதில் ஊதிக் காட்ட வேண்டும். முந்தின நாள் எத்தனை மணிக்குக் குடிப்பதை நிறுத்தினால் மெஷின் காட்டாது என்று எத்திராஜுக்கு ஒரு கணக்கு இருந்தது. பல வருடம் அந்தக் கணக்கு தப்பவில்லை.

ஓர் ஆடி மாதத்தில் தப்பியது. அன்றைக்கு ஷெட்டில் மெஷின் வேலை செய்யவில்லை. பஸ்ஸை எடுத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தபோது, அங்கே வேறொரு மெஷினோடு நின்றிருந்தார்கள். ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரை இறக்கி ஓரமாக நிற்க வைத்தார்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் அவர் மகள் தீபிகா உட்கார்ந்திருந்தாள். அதே கல்லூரியில் கடைசி வருடம். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அவரைக் கடந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் ஏறவே இல்லை. ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள்.

வேலை போயிற்று. குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிற அரசு மருத்துவமனைக்கு அவராகவே போய்ச் சேர்ந்து, இருபது நாள் படுத்து, மாத்திரை சாப்பிட்டு, நடுக்கமெல்லாம் தாண்டி எத்திராஜ் வெளியே வந்தார். வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

சாதாரண நாட்களைத் தள்ளிவிடலாம். பண்டிகை நாட்கள்தான் அவருக்குப் பயம். பட்டாசு வாசனை வந்தாலே கால் மதுக்கடைப் பக்கம் திரும்பும். தெருமுனையில் பழைய கூட்டாளிகள் நின்றுகொண்டு, "அண்ணாத்தே, இன்னிக்கு ஒரு நாளுதானே" என்பார்கள். அதனால் அவராகவே சில வழிகள் செய்துகொண்டார். கல்யாணம் என்றால் காலையில் முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார், மாலை ரிசப்ஷனுக்குப் போக மாட்டார். தீபாவளி, பொங்கல், வருடப் பிறப்பு எதுவானாலும் தெரிந்த டிராவல்ஸில் வேன் கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பதிக்கோ மேல்மலையனூருக்கோ சவாரி போய்விடுவார். ஸ்டியரிங் கையில் இருக்கிறவனிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. மூன்று தீபாவளியை அப்படித்தான் ரோட்டில் கழித்தார்.

இந்த வருடம் அது முடியாது. மாப்பிள்ளை வருகிறார்.

மாப்பிள்ளை ராகேஷ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தீபிகாவும் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தாள். பழகினார்கள், வீட்டில் வந்து சொன்னார்கள். ராகேஷின் அப்பா சிவராமன் தென்காசிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எத்திராஜ் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. மகளுடைய விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார். ஆவணியில் கல்யாணம் முடிந்து, இருவரும் காட்டுப்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோனார்கள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது எத்திராஜின் மச்சான் சந்தோஷ் வந்தான்.

"மாமா, மாப்ளைக்கு சரக்கு சொல்லிட்டியா?"

"அதெல்லாம் இன்னாத்துக்குடா?"

"இன்னா மாமா இப்டி கேக்கற? தலை தீபாளிக்கு வர்ற மாப்ளை. நீ குடிக்கலன்னா அது உன்னோட போவட்டும். அவரு நாலு பேர்கிட்ட இன்னா சொல்லுவாரு? மாமனார் ஊட்ல வெறும் அதிரசம் குடுத்து அனுப்சாங்கன்னா?"

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த மனைவி சாமுண்டீஸ்வரி கையை நிறுத்தினாள். எத்திராஜ் அவளைப் பார்த்தார். அவள் மறுபடி சலிக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று அப்போது ஒரு வார்த்தை அவரே சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தி வீட்டில் தன்னைப் பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. குடிகாரன், இப்போது மரியாதையும் தெரியாதவன் என்று இன்னொன்று சேர வேண்டாம் என்று நினைத்தார்.

"நீயே வாங்கியாந்துடு. நல்லதா பாத்து வாங்கு" என்று பணத்தைக் கொடுத்தார்.

சந்தோஷ் ஒரு ஃபுல் பாட்டில் வாங்கிவந்தான். சாமுண்டீஸ்வரி அதைப் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டாள். அந்த நான்கு நாளும் எத்திராஜ் பீரோ இருக்கிற அறைக்குள் போகவில்லை. மாற்றிக்கட்ட வேட்டி வேண்டுமானாலும் வெளியிலிருந்தே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தீபாவளியன்று விடிந்ததும் மணைப் பலகையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்து எண்ணெய் வைத்தார்கள். குளித்துப் புது வேட்டி கட்டி வந்த ராகேஷுக்கு சாமுண்டீஸ்வரி காபி கொடுத்தாள். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகும் முன் விளிம்பில் காபி தளும்பிச் சட்டையில் சொட்டியது.

"சூடா கீதா மாப்ளே?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"ஆமா அத்தை" என்று சிரித்தான்.

எத்திராஜ் அவன் விரல்களைப் பார்த்தார். அந்த நடுக்கம் சூட்டினால் வருவதில்லை. முதல் நாள் இரவு குடித்தவனுக்கும் அப்படி வராது. தினம் குடிக்கிறவனுக்கு, காலையில் இன்னும் கிடைக்காதபோது வருவது அது. இருபத்தெட்டு வயதுப் பையன்.

பதினோரு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் சந்தோஷ் பாய் விரித்தான். பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்கள். எத்திராஜ் வறுத்த கறியைத் தட்டில் எடுத்துக்கொண்டு மேலே போனார். சந்தோஷ் பேசிக்கொண்டே மெதுவாக உறிஞ்சினான். ராகேஷ் முதல் கிளாஸைத் தண்ணீர் சரியாகக் கலப்பதற்கு முன்பே இறக்கிவிட்டான். இரண்டாவதை ஊற்றிய பிறகு, பாட்டிலை நடுவில் வைக்காமல் தன் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். கறியைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்று, முகம் தெளிந்து, சிரித்துப் பேச ஆரம்பித்தான். அந்தத் தெளிவையும் எத்திராஜ் அறிவார். அப்போதுதான் உலகம் சரியாகிவிட்டது போல இருக்கும்.

ஒன்றரை மணிக்குப் பாட்டில் காலி. சந்தோஷ் பாயிலேயே படுத்துவிட்டான். ராகேஷ் இறங்கி வந்து கேட்டான்.

"மாமா, இங்க கடை எவ்வளவு தூரம்?"

"சாப்புட்டு படுங்க மாப்ளே. போதுமே இன்னிக்கு."

ராகேஷ் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, நல்ல மரியாதையோடுதான் சொன்னான்.

"நீங்கதானே மாமா வாங்கி வெச்சீங்க?"

ராகேஷ் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

எத்திராஜ் சமையலறைக்குப் போனார். தீபிகா வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மாப்ளை தெனம் குடிக்கிறாரா?"

"தெனம்லாம் இல்ல நைனா. கம்பெனில டென்ஷன். இப்ப பண்டிகைன்னு கொஞ்சம்."

"எனக்குத் தெரியும்மா. காத்தாலயே அந்தக் கையப் பாத்தேன்."

தீபிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ சொல்றியா நைனா அத?" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டது போல இருந்தது. அதனால் அது இன்னும் வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் ஆவடிக்குப் போனார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சிவராமன் வரவேற்று உட்கார வைத்து மிக்சர் வைத்தார். எத்திராஜ் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பார்த்ததைச் சொன்னார்.

சிவராமன் மிக்சர் தட்டை எத்திராஜ் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: "சம்பந்தி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க அதுல கெடந்து எந்திரிச்சவரு. உங்களுக்கு யாரப் பாத்தாலும் அப்படித்தான் தெரியும். சின்ன வயசு, நாள் கெழமைன்னா ரெண்டு சாப்பிடத்தான் செய்வான். ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிரும்."

அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எத்திராஜுக்குப் புரிந்தது, இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும்.

மூன்றாம் நாள் தீபிகா போன் செய்தாள். "எதுக்கு நைனா அங்க போய் சொன்ன? ஊட்ல அவரு எங்கிட்ட சரியா பேசறதே இல்ல. உங்கப்பாவ வெச்சு என்னை வேவு பாக்கறியான்னு கேக்கறாரு." கார்த்திகை தீபத்துக்கு அவள் வரவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியம் அவளே மறுபடி கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. "நைனா, சாயந்தரம் வந்து சும்மா உக்காந்துகினு இரேன். நீ இருந்தா அவரு கொஞ்சம் யோசிப்பாரு."

வேன் சவாரிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆறு மணிக்குக் காட்டுப்பாக்கம் போனார். ஹாலில் ராகேஷும் அவன் நண்பர்கள் இருவரும் இருந்தார்கள். தரையில் பேப்பர் விரித்துப் பாட்டில், சோடா, சிப்ஸ். எத்திராஜ் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். தீபிகா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு? நியூ இயர்தானே" என்று ராகேஷ் ஒரு கிளாஸை நீட்டினான்.

எத்திராஜ் அந்தக் கிளாஸைப் பார்த்தார். ஐஸ் கரைகிற சத்தம் கேட்டது. வாய் நிறைய எச்சில் ஊறியது. இவனோடு உட்கார்ந்து இரண்டு குடித்தால் தன் பேச்சைக் கேட்பானோ என்று ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் டீ டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ளே" என்றார்.

"எங்க மாமா முன்னாடி இன்னிக்கு ரெண்டுதான்" என்று ராகேஷ் நண்பர்களிடம் அறிவித்தான். சொல்லும்போது உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான், எத்திராஜுக்கு அதிலே சந்தேகமில்லை. மூன்றாவதை ஊற்றும்போது அவர் பக்கம் பார்க்கவில்லை. ஐந்தாவதில் பாட்டில் முடிந்தது. எட்டு மணிக்கு பீச்சுக்குப் போகலாம் என்று எழுந்தார்கள்.

எத்திராஜ் எழுந்து டிவி ஸ்டாண்டு மேலிருந்த பைக் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாவி குடுங்க மாமா."

"பஸ்ல போங்க. இல்ல ஆட்டோ வெச்சுக்கங்க."

"மாமா, இது என் வீடு. என் வண்டி. குடுங்க."

நண்பர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராகேஷ் குரல் ஏறியது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தீபிகா ஓடிவந்தாள். "குடுத்துடு நைனா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அவள் கூப்பிட்டுத்தான் அவர் வந்திருந்தார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். சாவி பையில் இருந்தது. மெயின் ரோடு வரை நடந்து, பூந்தமல்லி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

அவர்கள் நண்பனின் வண்டியில் மூன்று பேராக ஏறிப் போயிருந்தார்கள். போய், பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததுதான் எத்திராஜுக்கு எதிராகப் போனது. மறுநாள் காலை ராகேஷ் எத்திராஜ் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "ஒண்ணும் ஆகலியே மாமா? வீணா ஒரு சீனு" என்றான். சாமுண்டீஸ்வரி சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே வரச் சொன்னாள். அவன் வரவில்லை.

தலைப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகாமல் இருக்க முடியாது. கரும்பு, பானை, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், துணிமணி எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் காட்டுப்பாக்கம் போனார்கள். ராகேஷ் வாசலுக்கு வந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று கரும்புக் கட்டைத் தானே தூக்கினான். பக்கத்தில் வந்தபோது வாடை அடித்தது. மணி பத்தரை. சாமுண்டீஸ்வரி எத்திராஜின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எத்திராஜ் பொங்கல் சாப்பிட்டார். வாழ்த்தினார். கிளம்பும்போது தீபிகா தெருமுனை வரை கூட வந்தாள். அம்மா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அம்மா எத்தினி வருஷம் பொறுத்துகினு இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். "இருபத்திரெண்டு" என்றார்.

தீபிகா தலையசைத்தாள். மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்க்கிறவள் போல நின்றாள்.

"நீ பொறுத்துக்காத பாப்பா" என்றார் எத்திராஜ். "எந்த நேரம்னாலும் ஊட்டுக்கு வந்துடு. யாரும் இன்னான்னு கேக்க மாட்டோம்."

"சரி நைனா."

ஆட்டோவில் வரும்போது, பூந்தமல்லி தாண்டிய பிறகு சாமுண்டீஸ்வரி, "மாப்ளைய அந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமான்னு நீ கேட்டியா?" என்றாள்.

"அவரா வந்தாதான் சேத்துப்பாங்க."

"நீயா போனியே."

"ஆமா. ஆனா எதனால அன்னிக்கு போனேன்னு எனக்கே இன்னும் தெரியல" என்றார் எத்திராஜ். "தெரிஞ்சா சொல்லிக் குடுக்க மாட்டனா?"

மறுநாள் மாட்டுப் பொங்கல். டிராவல்ஸில் வேன் இருந்தது. அவர் போகவில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தீபிகா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.