படுத்துக்கொண்டு போகிற வண்டி

எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதிக்கு ஒரு மோட்டார் வண்டி வாங்கித் தருவதாகப் பட்டணத்துச் சீமாட்டிகள் சிலர் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே உள்ள கிராமங்களில் பிரசவம் சிக்கலானால் அதுவரை மாட்டுவண்டிதான். எந்த வண்டி வாங்குவது என்ற கேள்வி வந்தபோது டாக்டர், "அதை மருத்துவச்சி சொல்லட்டும், கிராமங்களை அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். மருத்துவச்சி நான். எனக்கு இருபத்து நாலு வயது. பயிற்சி முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

விற்பனைக்கு இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, பிரான்சுக்குத் திரும்பிப் போகும் அதிகாரி ஒருவருடைய பெரிய குடும்பக் கார். ஏழு பேர் உட்காரலாம். முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவில் மடக்கி விரிக்கும் இரண்டு இருக்கைகள், சன்னல்களுக்குப் பழுப்பு நிறத் திரைகள். மற்றொன்று, ஒரு சரக்குக் கடை நிறுத்திவைத்திருந்த சின்ன லாரி. கமியோனெத் என்போம். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த பலகைத் தட்டு.

என் அக்கா அப்போது ஐந்து மாதம். அரியாங்குப்பத்தைத் தாண்டி இன்னும் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய முதல் பிரசவம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் தொடங்கியது. நான் அப்போது பயிற்சியில் இருந்தேன். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி குழந்தையின் தலைக்கு முன்னால் இறங்கிவிட்டது. அப்படி ஆனால் தாயைப் படுக்க வைத்து இடுப்பை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தலை கொடியை நசுக்கிவிடும். நாங்கள் அவளைப் பின்னாலிருந்து ஆள் தள்ளும் பூஸ்பூஸ் வண்டியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதில் உட்காரத்தான் முடியும். நான் பக்கத்தில் ஓடினேன். குழந்தை வழியிலேயே இறந்தது. அவளுக்கு இடுப்பு எலும்பு குறுகல், தலை கீழே இறங்காமல் மேலேயே நிற்கும், அடுத்த தடவையும் கொடி விழலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அவளுடைய மாமியாரோ, "உங்க வூடு ராசியில்ல. அடுத்தது என் வூட்டுலதான்" என்று சொல்லிவிட்டார்.

ஆகையால் நான் வண்டி பார்க்கப் போனபோது உண்மையில் அக்காவுக்குத்தான் வண்டி பார்த்தேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

அளவு நாடாவும் நோட்டும் கொண்டுபோனேன். என்னோடு பிரசவப் பகுதியின் தலைமைக் கன்னியாஸ்திரீயும் வந்தார். மசேர் என்று கூப்பிடுவோம். காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் இறங்க மனமில்லாமல் இருந்தார்.

"மகளே, இது மிகவும் சௌகரியம். நீயும் உட்கார்."

"உக்கார்றதுக்கு சௌகரியம்தான் மசேர். படுக்கணுமே."

"ஒரு பக்கமாகப் படுக்கலாம்."

அளந்தேன். பின் இருக்கை ஒரு மீட்டர் இருபது. என் அக்கா ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு. நடு இருக்கைகளைக் கழற்றினாலும் தரையில் சக்கரத்துக்கான மேடு குறுக்கே வந்தது. கமியோனெத்தின் தட்டோ ஒரு மீட்டர் எண்பது நீளம், ஒரு மீட்டர் முப்பது அகலம். படுத்தவளுக்குப் பக்கத்தில் நான் மண்டியிடலாம். தண்ணீர்ப் பானை வைக்கலாம். கழுவிவிடலாம். நோட்டில் கமியோனெத்துக்கு நேராக ஒன்பது வரி எழுதினேன், காருக்கு நேராக நாலு. காரின் நாலில் ஒன்று "மழைக்குப் பாதுகாப்பு", இன்னொன்று "திரை". கடைசியாக எழுதியது, "பெண்களுக்குப் பிடிக்கும்". அதை எழுதிவிட்டுப் பென்சிலால் அடித்தேன். பிடிப்பதும் பிடிக்காததும் ஒரு காரணமா என்று அப்போது தோன்றியது.

இரண்டு மாதம் கழித்துக் கமியோனெத் வந்தது. அதைச் சரியாக ஆக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங் முரடாக இருந்ததால் தட்டில் இரண்டு மணல் மூட்டைகள் பரப்பி மேலே மெத்தை போட்டேன். பாரம் இருந்தால் வண்டி துள்ளாது. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைக்கச் சொல்லி, துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு வர்ணம் அடித்தேன். வெயிலுக்கு நாலு மூலையிலும் கழி நட்டு மேலே துணி கட்டினேன். வெள்ளைத் துணி. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

வண்டியோட்டி ஐம்பது வயதுக்காரர். முன்பு ஒரு பிரெஞ்சுக்கார முசே வீட்டில் கார் ஓட்டியவர். அவர் சுற்றிவந்து பார்த்தார்.

"நாலு பக்கமும் மாவெல கட்டினா கல்யாண வண்டிம்மா."

"கட்டாட்டி?"

"கட்டாட்டி நானு ஒண்ணும் சொல்லல. ஓட்டறவன்தான நானு."

நான் சிரித்துவிட்டு மெத்தையின் முனைகளைக் கட்டப் போய்விட்டேன்.

முதல் மாதத்தில் மூன்று தடவை அழைப்பு வந்தது. மூன்று தடவையும் வெறும் வண்டியாகத் திரும்பினோம். ஒரு வீட்டில், "அப்பவே பொறந்துடுச்சி" என்றார்கள். உள்ளே முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் வெளியே வந்து கைகூப்பி, "நீங்க போங்கம்மா, மாடு பூட்டிக்கிட்டு வரோம்" என்றார். மூன்றுக்கும் நோட்டில் ஒரே சொல் எழுதினேன்: தாமதம். எங்கள் தாமதம் என்று நினைத்து, பெட்ரோலை எப்போதும் நிரப்பிவைக்க ஏற்பாடு செய்தேன்.

அக்காவுக்கு நாள் வந்தது. அத்தான் பட்டணத்து மில்லில் வேலை. காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் வந்தவர் நேராக எங்களிடம் வந்து நின்றார்.

"விடியக்காலமே வலி கண்டுடுச்சி. அம்மா இன்னும் பாக்கலாம்னு சொல்றாங்க."

அவருடைய சைக்கிளை ஆஸ்பத்திரிச் சுவரில் சாத்திவிட்டு அவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஏழு மணி வெயில். பாலத்தைத் தாண்டிக் கிராமத்துக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கவனித்தேன். எதிரே வந்த ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தண்ணீர்க் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் குடத்தை இறக்கிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவைச் சோதித்தேன். தலை மேலேயே நின்றது. பனிக்குடம் உடையவில்லை. கொடி தட்டுப்படவில்லை. இன்னும் நேரம் இருந்தது. இப்போதே படுக்க வைத்துக் கொண்டுபோனால் நல்லது என்றேன்.

மாமியார் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, நீ படிச்சவதான. அந்த வண்டிய நீயே ஒரு தரம் பாரு."

"பாத்துத்தான் அத்த வாங்குனோம்."

"நம்ம கோயில் தூம்பாவ பாத்ததே இல்லியா நீ? நாலு கழி. மேல வெள்ளத் துணி. பக்கத்துல கறுப்புக் கம்பி. இதுல மல்லாக்கப் படுக்க வச்சி, என் வாசல்லேர்ந்து, உயிரோட இருக்கிறவள அனுப்பச் சொல்றியா?"

தூம்பா என்பது எங்கள் மாதா கோயில்களில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சவவண்டி. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை அதன் பின்னால் மெழுகுவத்தியோடு நடந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். வெயிலில் நின்ற அந்த வண்டியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்ததுபோல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஒரு தூம்பாவைச் செய்துவைத்திருந்தன. அந்த மூன்று வீடுகளும் எங்களைத் திருப்பி அனுப்பியது தாமதத்தால் அல்ல.

"இறங்கி அந்தத் துணிய அவுத்துடுங்க" என்று வண்டியோட்டியிடம் சொன்னேன்.

அவர் ஏற்கெனவே அவிழ்த்துக்கொண்டிருந்தார். கழிகள் ஆணியடித்து இறுகியிருந்தன, பிடுங்க நேரமில்லை.

"துணிய எடுத்துட்டா ஆச்சா?" என்றார் மாமியார். "எங்க வூட்டுக்காரு போனது இப்பிடித்தான், படுத்துக்கினு. உக்காந்து போவட்டும். கல்லற வாசல் தாண்டுற வரைக்கும் உக்காந்தே போவட்டும். அப்புறம் உன் இஷ்டம்."

"கொடி விழுந்துடும் அத்த. போன தடவ அப்பிடித்தான்..."

"போன தடவ உங்க வூட்டுல."

அத்தான் தாயையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கடைசியில் அக்காவே எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"நானு உக்காந்தே வரேன்டி. உடு. கொஞ்ச தூரம்தான."

தட்டில் ஏறி, முன்பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நான் எதிரில். தெரு நெடுக ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி, "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உயிரோடு போகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும் அவளுக்கு. கோயிலைத் தாண்டினோம். அதை ஒட்டித்தான் கல்லறைத் தோட்டம். அங்கே பாதையில் ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியது. அவள் உதட்டைக் கடித்தாள்.

"வலியா?"

"இல்ல."

"தண்ணி போச்சா?"

"இல்லடி."

கல்லறை வாசல் பின்னால் போன பிறகும், "அந்தப் புளிய மரம் போவட்டும்" என்றாள். புளிய மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் படுக்க மாட்டாள் என்று விட்டேன். மரம் போனதும் அவளைச் சாய்த்தேன். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. நனைந்து ஓரம் ஆறிக் குளிர்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். கொடி விரலில் பட்டது. துடிப்பு இருந்தது, மெதுவாக.

அவளைக் குப்புறத் திருப்பி, முழங்காலும் மார்பும் மெத்தையில் படும்படி வைத்தேன். குழந்தையின் தலையை உள்ளிருந்து விரல்களால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"மெல்லமா போவட்டுமா, வேகமா போவட்டுமாம்மா?" என்று வண்டியோட்டி கத்தினார்.

"வேகமா."

பாலம் முழுவதும் அந்த நிலையிலேயே போனோம். கை மரத்துப்போனது. துடிப்பை எண்ணிக்கொண்டே வந்தேன். பட்டணத்துக்குள் நுழைந்தபின் எண்ணுவதற்கு அதிகம் இல்லை. டாக்டர் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார். பெண். வெகுநேரம் அழவில்லை. பிறகு அழுதது. மசேர் அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தார். அக்கா பிழைத்தாள்.

மறுநாள் கழிகளைப் பிடுங்கினேன். கம்பிகளுக்குப் பச்சை வர்ணம். மேலே வளைந்த கூடு, பழுப்புக் கித்தான், உள்ளே உட்கார ஒரு சாய்வுப் பலகை. வாசலிலிருந்து தெருமுனைவரை உட்கார்ந்து வரட்டும், பிறகு பலகையை மடக்கிப் படுக்க வைக்கலாம் என்று வைத்தேன். அதன்பின் பெண்கள் ஏறுகிறார்கள். அந்தப் பெரிய காரை ஒரு நூல் வியாபாரி வாங்கினார். தெருவில் அது எதிரே வரும்போது நான் வேறு பக்கம் பார்ப்பதுண்டு.

குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம். கழுத்து இன்னும் நிற்கவில்லை. இடது கை எப்போதும் இறுக மூடியிருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். அந்த நிமிடங்களால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். கல்லறைப் பள்ளத்திலிருந்து புளிய மரம்வரை நானும் வண்டியோட்டியும் பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தோம். அதே வேகத்தில் ஏழு நிமிடம்.

போன வாரம் அக்கா நெல்லித்தோப்புக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கார வாங்கியிருந்தா நானு வந்திருப்பனா?"

"வந்திருப்ப. உங்க மாமியாரே ஏத்தி உட்டிருப்பாங்க. முந்தின நாளே."

"அதுல படுக்க முடியாதுன்ன."

"முடியாது. ஆனா படுக்க வேண்டியிருந்திருக்காது. முன்னாடியே வந்திருந்தா டாக்டர் பாத்துக்கிட்டிருப்பாரு."

அவள் குழந்தையின் மூடிய கையை விரல் விரலாகப் பிரித்தாள். விட்டதும் அது மறுபடி மூடிக்கொண்டது.

"பள்ளத்துலயே தண்ணி போச்சி" என்றாள். "சொன்னா படுக்க வச்சிடுவன்னு சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தன நாளு கேக்கல?"

"கழி நட்டது நான்தான அக்கா."

அவள் கையில் எண்ணெய் வழுக்கியதால் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

"கழுத்தப் புடிச்சுக்க" என்றாள். "அது தானா நிக்காது."

பிடித்துக்கொண்டேன்.