வெட்டாத பக்கம்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டின் சமையலறை மேசையில் விரிந்து கிடந்த ஒரு பத்திரிகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த நாளிதழ். முதற்பக்கத்தில் தலைப்பு இருந்தது, ஒரு கோயில் திருவிழா அறிவித்தல் இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம். சின்னம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதில வாசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். "செய்தி அங்கைதான் இருந்தது," என்றார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஊரில் அதே நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்தவர். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது அவர் வேலை. அகதியாக மொன்றியலுக்கு வந்தபின் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நோயாளரின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினார். நான் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். சின்னம்மா அதிகம் பேசாத மனுஷி. பேசினால், சொல்ல வந்ததைச் சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்.

வேற்று நாட்டு இராணுவம் ஊருக்குள் இருந்த காலம் அது. வந்த புதிதில் அச்சகங்கள் மூடப்பட்டன. பிறகு திறக்க விட்டபோது, பக்கங்களை ஓர் அதிகாரி பார்த்த பின்னரே அச்சிடலாம் என்று கட்டளை. அவர் வெட்டிய இடத்தை வேறெதையாவது போட்டு நிரப்பச் சின்னம்மாவின் பழைய செய்தி ஆசிரியர் மறுத்துவிட்டார். வெட்டிய இடம் வெட்டியபடியே வெள்ளையாக வந்தது.

கொஞ்ச நாளில், கொழும்புக்குப் போன ஒருவர் மூலம், அங்கிருந்து தபாலில், செய்தி ஆசிரியர் சின்னம்மாவுக்கு ஒரு பொதி அனுப்பியிருந்தார். அதற்குள் இரண்டு கட்டுகள். முதலாவது, அதிகாரி வெட்டிய செய்திகள். நேற்றுவரை ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த மூன்று பத்திரிகைகள் சேர்ந்து, தங்களிடம் வெட்டுப்பட்டதையெல்லாம் பொறுக்கிக் கொடுத்திருந்தன. மற்றக் கட்டில் இருந்தவை எந்த அதிகாரியும் வெட்டியவை அல்ல. ஆயுதம் தூக்கிய எங்கள் இயக்கங்கள் செய்தவற்றைப் பற்றி நிருபர்கள் எழுதி, பயத்தில் அவர்களே அச்சுக்குக் கொடுக்காமல் விட்டவை. அங்கே போட முடியாததை இங்கே போடமுடியுமா என்பதுதான் கேள்வி.

மொன்றியலில் அப்போது தமிழில் இரண்டு சஞ்சிகைகள் எனக்குத் தெரிந்தவை. இரண்டும் கையால் எழுதிப் பிரதியெடுத்தவை. ஒன்றை நடத்தியவரை எல்லோரும் அண்ணை என்றோம், யாழ்ப்பாணத்தவர். மற்றதை நகரின் வடக்கே வில்லரேயில் இருந்த மட்டக்களப்பு மாஸ்டர் நடத்தினார். ஒரு கூட்டத்தில் வாய்த்தர்க்கப்பட்ட பிறகு இருவரும் மெட்ரோவில் கண்டாலும் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வார்கள். சின்னம்மா இருவரையும் ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொன்னார். மற்றவர் வருவார் என்பதை இருவருக்குமே சொல்லவில்லை.

அண்ணை இரண்டு கட்டுகளையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "அக்கா, முதல் கட்டை உடனை போடுவம். மற்றது இப்ப வேண்டாம். எதிரி பார்த்துச் சிரிப்பான்."

"அப்ப எங்கட ஊர்ப் பொடியனச் சுட்டத எப்ப போடுற?" என்றார் மாஸ்டர். பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவனை, காட்டிக்கொடுத்தான் என்று சொல்லி இயக்கமொன்று சுட்டிருந்தது. அந்தச் செய்தி இரண்டாவது கட்டில் இருந்தது. ஆனால் மாஸ்டரும் ஒரு தாளைத் தனியே எடுத்து ஓரமாக வைத்திருந்தார். அவருடைய மருமகன் சேர்ந்திருந்த குழு கடைகளைக் கொள்ளையடித்தது பற்றியது அது. "இது சின்ன விசயம், விடுவமே," என்றார்.

சின்னம்மா இரண்டு கட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அங்கை ஆமிக்காரன் வெட்டினான். இங்கை உங்களை ஆர் வெட்டச் சொன்னது? முழுசாப் போடுறதெண்டால் தாறன். இல்லாட்டி இது என்னோடையே கிடக்கட்டும்."

அண்ணை பல்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்தார். மாஸ்டர்தான் வழி சொன்னார்: இரண்டு சஞ்சிகையிலும் ஒரே நாளில், ஒரே பக்கத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல் போடுவது. அப்போது ஒருவரை மட்டும் பிடித்து மிரட்ட முடியாது. அண்ணை குளிரோடு உள்ளே வந்து கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துக்கு மேலை ஆரின்ரை பேர் வரும்?"

"ஒருத்தற்றை பேரும் வேண்டாம்," என்றார் சின்னம்மா.

என் கையெழுத்து தெளிவு என்பதால் அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். சின்னம்மா மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிரதியெடுத்த பக்கம் மடிக்கப்பட்டு, கல்யாண வாழ்த்து மட்டைகளுக்குள்ளும் உடுப்புப் பொதிகளுக்குள்ளும் ஊருக்குத் திரும்பிப் போனது. இங்கேயோ தமிழ்க் கடைக்காரர்கள் இயக்கங்களுக்குப் பயந்து சஞ்சிகைக் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணையின் மனைவி தொலைபேசியை எடுக்கப் பயந்தார். எங்கள் வீட்டுக்கும் ஓர் அழைப்பு வந்தது. "உனக்கு இந்த வேலை தேவையோ?" என்று ஒரு குரல். "ஓம், தேவை," என்று சொல்லிச் சின்னம்மா தொலைபேசியை வைத்தார். அடுத்த பக்கமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

இராணுவம் வெளியேறியபின் ஊரில் ஓடக்கூடிய நிலையில் ஓர் அச்சியந்திரம்தான் மிஞ்சியிருந்தது. மூன்று பத்திரிகைகளும் அதைப் பகிர்ந்துகொண்டு, மூன்று பெயர்களையும் மேலே போட்டு ஒரே தாளாக வெளிவந்தன. அண்ணை அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "பாருங்கோ அக்கா, ஒரு வெள்ளையும் இல்லை!" அன்று மாஸ்டரும் வந்திருந்தார். இருவரும் ஒரே சோபாவில் இருந்து சிரித்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். சின்னம்மா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார்.

"ரெண்டாவது கட்டிலை வந்த மாதிரி ஒண்டும் இதிலை இல்லையே," என்றார். "முந்தி வெட்டினது கண்ணுக்குத் தெரிஞ்சது. இப்ப தெரியேல்லை."

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. விடுதலையான பத்திரிகைக்கு இனி எங்கள் பக்கம் எதற்கு என்றார். அத்தோடு தன் சஞ்சிகையில் அதை நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் இன்னும் சில இதழ்கள் தனியே போட்டுவிட்டு ரொறன்ரோவுக்குக் குடிபோனார். யார் சொன்னது சரி என்று அன்று நான் யோசிக்கவில்லை. இன்று கைபேசியில் ஊர்ச் செய்தி நாள் முழுக்க வந்து விழுகிறது. எங்கே எது இல்லை என்று எனக்குத் தெரிவதில்லை.

பக்கம் நின்றுபோய்ப் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பெண் எங்கள் கதவைத் தட்டினாள். தையல் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. சுடப்பட்ட மாணவனின் அக்கா என்றாள். கடைகளில் வராததால் அந்தப் பக்கத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரோ இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். சின்னம்மா எடுத்துக் கொடுத்தார். இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே வாசித்தாள்.

"இயக்கத்துட நோட்டீஸ் எல்லாத்திலயும் 'துரோகி ஒருவன்' எண்டுதான் போட்டிருந்தாங்க," என்றாள். "இதில தம்பிட பேர் இரிக்கு."

"வைச்சிருங்கோ பிள்ளை," என்றார் சின்னம்மா.

அவள் அதை மடித்தால் பெயரின்மேல் மடிப்பு விழும். அதனால் சுருட்டிக்கொண்டு போனாள்.