கண்ணாடி மேல வெச்ச சாவிக்கொத்து

என் பொண்ணுக்கு முப்பத்தெட்டு வயசு. புருஷன் வேணாம்னு வந்துட்டா. மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னால கீற ரெண்டு ரூம் வீட்ல எங்கூடத்தான் கீறா. தரமணியில ஆபீஸ். சாயங்காலம் ரயில்ல வந்து எறங்கி, மூஞ்சி கழுவிட்டு, காதுல ஹெட்போன மாட்டிக்கினு கம்ப்யூட்டர்ல துப்பாக்கி கேம் ஆடுவா. ஆடிக்கினே பேசுவா. அத்த எங்கெங்கயோ கீற ஜனம் போன்ல பாக்குது. இன்னாத்துக்குப் பாக்குதுன்னு எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்ல. கதவ தொறந்து வெச்சிதான் ஆடுவா. நான் வெளிய கட்டில்ல படுத்துக்கினு கேப்பேன். அவ சிரிக்கிறது அந்த ரெண்டு மணி நேரம்தான். அவ அம்மா போனதுலேர்ந்து எங்க வீட்ல வேற சிரிப்பு கெடையாது.

அந்த பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பிச்சிது. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்து, புதுசுக்கு இன்னின்ன சாமான்னு ஒரு பேப்பர்ல எழுதினா. எனக்குப் படிக்கத் தெரியாது. அவளே படிச்சிக் காட்டினா.

"கேமும் ஓடணும், அதே நேரத்துல அத்த ஜனத்துக்கு அனுப்பவும் செய்யணும்பா. சமைச்சிக்கினே பந்தி பரிமாறுற மாதிரி. அதுக்கு ஸ்கிரீன்ல படம் காட்டுற கார்டுதான் முக்கியம். சின்னதா இருந்தா பரவால்ல, புதுசா இருக்கணும். கரண்ட் குடுக்குற டப்பா நல்லதா வேணும். கலர் லைட்டு எரியிற பொட்டி வேணவே வேணாம்."

எனக்கு சந்தோஷமாப் போச்சி. நானும் ஆயுசு பூரா ஆட்டோ, ஸ்கூட்டர் மெக்கானிக்கு. மொதல்ல இன்ஜின் சத்தத்த கேளு, சீட் கவர அப்பறம் பாருன்னு சொல்ற ஆளு.

மவுண்ட் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சாமான் விக்கிற தெரு ஞாயித்துக்கெழம லீவு. மத்த நாள்ல அவளுக்கு லீவு கெடையாது. "நான் போறம்மா. என் சேக்காளி கீறான், அவனுக்கு அங்க அல்லா கடையும் பழக்கம்"னேன்.

சேக்காளின்னா சும்மா இல்ல. லஸ் கார்னர் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுறவன். ஒரு மழையில எங்க தெரு பூரா இடுப்பளவு தண்ணி. என் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குது. அவன்தான் ரெண்டு கையிலயும் கொழந்த மாதிரி தூக்கிக்கினு மெயின் ரோடு வரைக்கும் நடந்தான். அப்ப அவ பொழச்சிக்கினா. அப்பறம் நாலு வருஷம் இருந்தா. அந்த நாலு வருஷம் அவன் குடுத்ததுன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க தொழில்ல ஒரு பழக்கம். மெக்கானிக்கு ஒரு பார்ட்டிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இட்டுக்கினு போனா, வாயத் தொறக்க மாட்டான். கையில கீற சாவிக்கொத்த கல்லா மேல வெப்பான், அவ்ளோதான். இது என் பார்ட்டி, என் பங்க சேத்துப் போடுன்னு கடைக்காரனுக்குப் புரிஞ்சிடும். பார்ட்டிக்கு ஒண்ணும் தெரியாது. நானும் வெச்சிக்கீறேன். மந்தவெளியில ஒரு ஸ்கூல் வாத்தியாரு, ரொம்ப நல்ல மனுசன், வண்டிய என்னை நம்பி வுட்டுட்டு வெளிய நின்னு பேப்பர் படிப்பாரு. அவருக்கு கார்பரேட்டர் வாங்கச்சொல்லோ வெச்சேன். அன்னிக்கி சேக்காளியும் கூடத்தான் இருந்தான்.

அன்னிக்கி கம்ப்யூட்டர் கடையில நான் பேப்பர நீட்டுறேன். சேக்காளி பாக்கெட்லேர்ந்து சாவிக்கொத்த எடுத்து கல்லா கண்ணாடி மேல வெச்சான். அதுல ஒரு பித்தள வேல் தொங்கும், 'டங்'குனு கேட்டுச்சி. நான் அத்தயே பாத்தேன். சே, பாக்கெட் குத்துது, அதான் எடுத்து வெச்சிக்கிறான்னு நானே சமாதானம் சொல்லிக்கினேன்.

"நைனா, உம் பொண்ணு சின்ன கார்டு எழுதிக்கீது. அதே வெலைக்கு பெரிசு வாங்கித் தரேன். தோ, ரெண்டு ஃபேனு, பாரு"ன்னான்.

கடைக்காரர் சிரிச்சிக்கினே, "பெரியவரே, சீலு கூட ஒடைக்கல. உங்க ஆளுக்காகத்தான் எடுத்து வெச்சேன்"னாரு.

எனக்கு பிரிச்சி, திருப்பிப் பாக்கணும்னு கை அரிச்சிது. எந்த சாமானையும் திருப்பிப் பாக்காம வாங்கினவன் இல்ல நானு. ஆனா பிரிச்சா அவன நம்பலன்னு ஆயிடுமே. அப்பிடியே வாங்கிக்கினு வந்துட்டேன்.

பொண்ணு பொட்டியப் பாத்தா. "நான் எழுதினது இது இல்லியேப்பா?"

"அதவிட பெரிசும்மா."

"நீ பாத்துதான வாங்கினே?"

"பாத்துதான்."

ஞாயித்துக்கெழம சாயங்காலம் புது கம்ப்யூட்டர்ல ஆடப் போறேன்னு அவ ஜனத்துக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தா. ஆரம்பிச்சி அரை மணி நேரம் நல்லா சிரிச்சா. அப்பறம் ஸ்கிரீன்ல கோடு கோடா வந்துச்சி. இருட்டாயிடிச்சி. ஜனத்துக்குப் போறதும் நின்னுடிச்சி. அது தெரியாம ஹெட்போன்ல, "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"ன்னு கேட்டுக்கினே கீறா. யாருக்கும் கேக்கல. எனக்குத்தான் கேட்டுச்சி.

கார்ட கழட்டி என் கையில குடுத்தா. அப்பத்தான் திருப்பிப் பாத்தேன். நாலு ஸ்க்ரூவும் தல தேஞ்சி, கறுப்பு பெயிண்ட் பேந்து, வெள்ளையா மின்னுது. எத்தினி வாட்டி தொறந்த இன்ஜின்னு ஸ்க்ரூ தலயே சொல்லிடும். "கம்ப்யூட்டர்லயே கிரிப்டோ காயின் எடுக்குறேன்னு மாசக்கணக்கா நிறுத்தாம ஓட்டிக்கீறாங்கப்பா. கழுவி, புது அட்டப்பொட்டியில போட்டுட்டாங்க"ன்னா. கடையில கேட்டா, சீலு ஒடச்சா வாங்க மாட்டோம்னுட்டாங்க.

ஸ்டாண்டுக்குப் போனேன். "இன்னா நைனா, கார்டு பூட்ச்சா? அந்தாளு அப்பிடி செய்வான்னு எனக்கு இன்னா தெரியும்?"னான்.

"சாவி வெச்சியேடா."

அவன் ரோட்டப் பாத்தான். "நீ வெச்சதே இல்லியா? அந்த வாத்தியாருக்கு?"

"அவரு எனக்கு யாரோ. நான் உனக்கு யாரோவாடா?"

"பழக்கம் நைனா. கடைக்குள்ள போனா கை தானா போயி வெச்சிடுது."

என் பொண்டாட்டியத் தூக்கின கை அது. வழியெல்லாம் அந்த மழத் தண்ணியவே நெனச்சிக்கினு வந்தேன். அவன் குடுத்த அந்த நாலு வருஷத்தையும் சேத்து எடுத்துக்கினு பூட்டான் பாவி.

வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட சாவிப் பழக்கத்த சொன்னேன். ஒண்ணு வுடாம கேட்டா. கடைசியா, "அவர் வெச்சத நீ பாத்தியா?"ன்னா.

"பாத்தேம்மா."

"பாத்துட்டுதான் வாங்கினியா?"

நான் அந்த கார்ட எடுத்து அட்டப்பொட்டியில போட்டு மூடினேன்.

அப்பறம் ஒரு நாள் சம்பளம் போனாலும் போவட்டும்னு லீவு போட்டுட்டு, தனியாப் போயி, அவ எழுதின சின்ன கார்டையே வாங்கினு வந்தா. திருப்பிப் பாத்தியாம்மான்னு கேக்க வந்தேன், கேக்கல. இப்ப சாயங்காலம் ஆடுறா. கதவ சாத்திக்கினு ஆடுறா. நான் கட்டில்ல படுத்துக்கினு கெடக்கேன். சிரிக்கிறா போலத்தான் கீது. சரியா கேக்கல.