ஓசியில் வராத முடி

கொரியாவின் சோக்சோ துறைமுகத்தில் மீன்தோல் உரிப்பதில் ஓக்சிம்முக்கு ஈடு கிடையாது. வாலருகே ஒரு கீறல், ஒரே இழுப்பு, தோல் முழுசாகக் கையோடு வந்துவிடும். போன குளிர்காலக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் தலைமுடியும் அப்படித்தான் சீப்போடு வந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் மகள் தாசோமுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் அந்நாட்டு மரபு உடையான ஹன்போக் உடுத்தி, கைகோத்து, சபை நடுவே நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். வழுக்கைத் தலையோடு எப்படிப் போவது? சொந்த முடி கொஞ்சமாவது வேண்டுமே என்று ஓக்சிம் ஏங்கிப் போனாள்.

முடி வளருமாம் என்று தாசோம் சியோலிலிருந்து கொலாஜன் வாங்கி வந்தாள். குடிக்கப் பொடி, தலையில் தேய்க்கத் தைலம். எல்லாம் மீன்தோலில் செய்தது. ஓக்சிம் உடனே ஒரு நாணயத்தை நீட்டினாள்.

"என்னம்மா இது, பெத்த பொண்ணுக்குக் காசா?"

"பிடிடி! ஓசியில வாங்கினா இருக்கிறதும் கொட்டிரும்."

ஓசிக்கு அலைந்தால் வழுக்கை விழும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடக் கேலி பேசும். மற்றவர்களுக்குக் கேலி, ஓக்சிம்முக்கு வேதவாக்கு.

"நாம உரிச்ச தோலைப் பொடி பண்ணி நமக்கே விக்கிறானுங்க பாத்தியாக்கா!" என்று கூடவே தோல் உரிக்கும் குன்ஜா சிரித்தாள். "பேசாம தோலையே தலையில போட்டுக்கயேன்!"

ஓக்சிம் காதில் வாங்கவில்லை. பொழுது சாய்ந்தால் பொடியைப் பார்லித் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தைலம் தேய்ப்பாள். அலைச் சத்தத்தில் கண் சொருகும். கடலடியில் அவள் படுத்திருப்பாள். அவள் உரித்த மீன்களெல்லாம் தோலை மறுபடி போட்டுக்கொண்டு வந்து தலையை மெல்லக் கொத்தும். கொத்திய இடமெல்லாம் முடி முளைத்து நீரோட்டத்தில் அசையும். விழித்ததும் கை தலைக்குப் போகும். வழவழவென்றுதான் இருக்கும். பாவம், அழுதுவிடுவாள்.

ஒருநாள் விழித்தபோது நெற்றியோரம் ஏதோ குறுகுறுத்தது. பூனைமுடி! டாக்டரிடம் ஓடிப் போய்க் காட்டினாள். காய்ச்சலில் கொட்டிய முடி தானாகவே வரும் என்றார் அவர். "இவருக்கு என்ன தெரியும்!" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

கல்யாணத்தன்று சிகையலங்காரப் பெண் பொய்க்கொண்டை வைத்து முடித்து, பசையைக் கையில் எடுத்தாள்.

"இந்தப் பூனைமுடி நட்டுக்கிட்டு நிக்குதும்மா. ஒட்ட வச்சிடறேன்."

"கை வெச்சே, கெட்ட கோபம் வரும்! கொண்டை வாடகை. இதுதான் எனக்குச் சொந்தம்."

வெள்ளைக் கவுனில் வந்த தாசோம் அதைப் பார்த்ததும் கண்கலங்கி, தொடக் கைநீட்டினாள்.

"காசு?" என்றாள் ஓக்சிம்.

கவுனில் பை ஏது? தாசோம் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். ஓக்சிம் தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மகள் கையில் வைத்தாள். மகள் அதையே திருப்பிக் கொடுத்தாள்.

"ம், இப்பத் தொடு" என்று ஓக்சிம் தலையைக் குனிந்தாள்.