சக்கரத்தோடு நிற்பவள்

என் மகள் சென்னையில் கலை வரலாறு படிக்கிறாள். இடைக்கால ஐரோப்பாவில் கன்றுத் தோலில் எழுதி, பொன் தகடு ஒட்டிச் செய்த ஜெப நூல்களில் கிறிஸ்தவப் புனிதர்களை எப்படி வரைந்தார்கள் என்பது அவளுடைய ஆய்வு. போன ஆண்டு கல்லூரியிலிருந்து வரும்போது, வாலாஜாபாத் அருகே அவள் வந்த பேருந்து லாரியில் மோதியது. ஜன்னல் கண்ணாடி அவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை கிழித்துவிட்டது. இன்றும் அவள் பேருந்தில் ஏறினால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

கட்டுப் பிரித்து வீட்டில் இருந்த நாட்களில் அந்தப் படங்களை எனக்குக் காட்டினாள். ஒன்றில் பொன் பின்னணியில் ஓர் இளம்பெண். பக்கத்தில் ஒரு சக்கரம். கையில் இருப்பதைப் பார்த்தே இன்ன சாமி என்று சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது.

"சக்கரம் வச்சிருக்குது. எந்த அசுரனைக் கொன்னுச்சு?" என்றேன்.

சிரித்தாள். வடு இழுத்ததால் பாதிச் சிரிப்புதான்.

"அவளைக் கொல்றதுக்குக் கொண்டாந்த சக்கரம்மா அது. அவ தொட்டதும் உடஞ்சிடுச்சு. அப்புறம் தலைய வெட்டிட்டாங்க."

"அதையா பக்கத்துல வச்சி வரைவாங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தான். இந்தப் படத்துல இருக்கிறவரை இரும்புச் சட்டத்துல போட்டு எரிச்சாங்க. அதையே புடிச்சிக்கினு நிக்கிறாரு பாரு. அத எடுத்துட்டா யாருன்னே தெரியாது."

ஒருவர் முகத்திலும் வலி இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வலிக்காமலா இருந்திருக்கும்? தையல் போடும்போது என் பிள்ளை என் கையைக் கடித்தாள்.

போன மாதம் என் கணவரின் தங்கை, வரன் பார்க்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று எங்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். ஸ்டூடியோக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

"முகத்துல இருக்கிற இந்தக் கோட்டை எடுத்துடலாம்மா. ரெண்டு நிமிஷ வேலை."

"எடுத்துடுங்க," என்றாள் நாத்தனார். "பொண்ணு பாக்க வரும்போது பவுடர் போட்டு சமாளிச்சிக்கலாம்."

"தாலி கட்டின பொறவு மூஞ்சி கழுவவே கூடாதா அத்தை?" என்றாள் மகள்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. அண்ணி, நீங்க சொல்லுங்க."

ஸ்டூடியோக்காரர் வடுவின் மேல் மௌஸை வைத்தபடி என்னைப் பார்த்தார். இவளுக்கு ஒரு இடம் அமையாமலே போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அப்போதும் இருந்தது.

"அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

"இதைப் பாத்துட்டு யார் வருவாங்க அண்ணி?"

"பாத்துட்டு வர்றவன் வரட்டும். எடுத்துட்டா அது யாரோ பொண்ணு. என் பொண்ணு இல்ல."

நாத்தனார் வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் தந்திருந்த எண்களுக்கு அந்தப் படத்தை நானே அனுப்பினேன். ஒரு வீட்டில், முகத்தில் என்ன என்று கேட்டார்கள். பேருந்து விபத்து, பிழைத்து வந்தாள் என்று எழுதினேன். அதன்பின் அங்கிருந்து பேச்சில்லை. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு வீட்டார், வேறு படம் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்று சொல்லி, அதே முகத்தை இன்னும் கிட்டத்தில் எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன்.